போர்மேன் மகனின் சான்றிதழ்கள்

விருதுநகர் மாவட்டத்தில் வெம்பக்கோட்டைப் பக்கம் ஒரு பட்டாசு ஆலையைப் பற்றி விசாரிக்கிறவர்கள், முதலாளி யார் என்று கேட்பதற்கு முன்னால் "என்ன லைசென்ஸ்?" என்றுதான் கேட்பார்கள். டி.ஆர்.ஓ. (மாவட்ட வருவாய் அலுவலர்) லைசென்ஸ், சென்னை லைசென்ஸ், நாக்பூர் லைசென்ஸ் என்று மூன்று பதில் உண்டு. ஒரே நேரத்தில் 15 கிலோவுக்கு மேல் கையாளாத சின்ன ஆலைக்கு மாவட்ட நிர்வாகமே உரிமம் கொடுத்துவிடும். 500 கிலோ வரை என்றால் வெடிபொருள் துறையான பெசோவின் சென்னைக் கட்டுப்பாட்டு அதிகாரி. அதற்கும் மேலே போனால் நாக்பூரில் இருக்கும் அதன் தலைமையகம். ஆலை எவ்வளவு பெரிது, முதலாளிக்கு எவ்வளவு வசதி, ஆய்வுக்கு எந்த ஜீப் வரும் என்பதெல்லாம் டீக்கடைப் பேச்சில் இந்த ஒரு கேள்வியிலேயே தெரிந்துவிடும்.

என் அப்பா சென்னை லைசென்ஸ் ஆலை ஒன்றில் போர்மேன். அதற்கென்று வெடிபொருள் துறை கொடுக்கிற தகுதிச் சான்றிதழ் வைத்திருந்தார். எந்த அறையில் எத்தனை பேர் உட்காரலாம், எவ்வளவு வெடிமருந்து இருக்கலாம், அலசின (கலந்து வைத்த) மருந்து மிஞ்சினால் சாயங்காலம் என்ன செய்வது என்பதெல்லாம் அவர் பொறுப்பு. அறைச் சுவரிலேயே பெயிண்டில் எழுதியிருப்பார்கள்: அறை எண், அங்கே என்ன வேலை, ஆள் எத்தனை, மருந்து எத்தனை கிலோ. அறையில் நாலு பேர் என்று எழுதியிருந்தால் ஐந்தாவதாக யாரும் மணையைப் போட்டு உட்காரக் கூடாது. சீசன் நேரத்தில் அந்த எழுத்தை மறைத்துக்கொண்டு ஆள் உட்காருவதுதான் அப்பாவின் ஓயாத சண்டை.

எங்கேயாவது வெடித்துவிட்டால் மறுநாள் பேப்பரில் ஊர்ப் பெயருக்கும் இறந்தவர்களின் எண்ணிக்கைக்கும் அடுத்து ஒரு வரி அநேகமாக வரும்: உரிமையாளர், போர்மேன் மீது வழக்கு, போர்மேன் கைது. 2012 செப்டம்பர் 5 முதலிப்பட்டி, 2021 பிப்ரவரி 12 அச்சன்குளம் என்று எங்கள் பக்கத்து ஆட்களுக்கு மறக்காத தேதிகள் சில உண்டு. ஒவ்வொரு முறையும் அம்மா அந்த வரியைத்தான் முதலில் தேடுவாள். அப்பாவின் சான்றிதழ் பீரோவில் பட்டுச்சேலைக்கு அடியில் இருந்தது. அது வீட்டுக்குச் சோறு போடுகிற தாள், அவரை ஜெயிலுக்கு அனுப்பக்கூடிய தாளும் அதுதான் என்பது எங்களுக்குச் சின்ன வயதிலேயே தெரியும்.

மகனை மருந்துப் பக்கமே விடக் கூடாது என்பது அம்மாவின் முடிவு. இன்ஜினீயரிங் முடித்தேன், சென்னையில் இணையப் பாதுகாப்புத் தணிக்கை செய்யும் நிறுவனத்தில் சேர்ந்தேன். ஒரு இணையதளத்திலோ செயலியிலோ அலுவலக நெட்வொர்க்கிலோ திருட்டுத்தனமாக நுழைய எங்கெல்லாம் வழி இருக்கிறது என்று, உரிமையாளரின் அனுமதியோடு நுழைந்து பார்த்து எழுதிக் கொடுப்பது என் வேலை. தொழிலில் இதற்கு வி.ஏ.பி.டி. என்று பெயர். அப்பாவுக்கு ஒரே ஒரு சான்றிதழ். எனக்கு ஒரு ஃபைல் நிறைய.

முதலில் வாங்கியது சி.இ.ஹெச்., அதாவது சர்டிஃபைடு எத்திக்கல் ஹேக்கர். 2001 செப்டம்பர் 11 தாக்குதலுக்குப் பிறகு அமெரிக்காவில் தொடங்கிய இ.சி.-கவுன்சில் நடத்துகிற தேர்வு. 125 கேள்வி, 4 மணி நேரம், கொடுத்திருக்கும் விடைகளில் சரியானதைத் தேர்ந்தெடுக்க வேண்டும். நல்ல மனப்பாடம் இருந்தால் போதும், ஒரு சர்வரைக்கூடத் தொடாமல் தேறிவிடலாம். ஆனாலும் ஹெச்.ஆர். மேஜைக்குத் தெரிந்த பெயர் அதுதான். விண்ணப்பங்களை வடிகட்டும் பெண்ணுக்கு நெட்வொர்க் தெரிய வேண்டிய அவசியமில்லை, பட்டியலில் சி.இ.ஹெச். இருக்கிறதா, சரி, அடுத்த ரவுண்டு. இந்தப் பெயர் மேல் பிள்ளைகளுக்கு இருக்கும் ஆசையை வைத்துத்தான் மதுரையிலும் சென்னையிலும் 'எத்திக்கல் ஹேக்கிங்' போர்டுகள் தொங்குகின்றன. அவர்களில் பலர் கொடுப்பது சி.இ.ஹெச். அல்ல. தங்கள் பெயரிலேயே தங்க முத்திரை போட்டு ஒன்று கொடுப்பார்கள். (அதை அச்சடிப்பது சிவகாசியில்தானோ என்று எனக்கு நெடுநாள் சந்தேகம்.)

நான் மதிக்கிற தேர்வு ஓ.எஸ்.சி.பி. அதில் விடையைத் தேர்ந்தெடுக்கும் கதையே இல்லை. தூரத்தில் சில கணினிகளைக் கொடுத்து, உள்ளே போ என்பார்கள். 23 மணி 45 நிமிடம். அது முடிந்ததும் எப்படி நுழைந்தாய் என்று அறிக்கை எழுதி அனுப்ப இன்னொரு 24 மணி நேரம். நூற்றுக்கு எழுபது எடுத்தால் தேர்ச்சி. 2021 ஊரடங்கில் ஊரிலிருந்தே வேலை பார்த்த சமயம், வீட்டு மாடி அறையில் உட்கார்ந்து எழுதினேன். தொடங்குவதற்கு முன் பாஸ்போர்ட்டைக் காட்டச் சொன்னார்கள். பிறகு கேமராவைக் கையில் எடுத்து அறையைச் சுற்றிக் காட்டச் சொன்னார்கள்: மேஜைக்கு அடியில், கதவுக்குப் பின்னால், சுவரில் தொங்கும் தீப்பெட்டிக் கம்பெனி காலண்டர் வரை. முழு நேரமும் உலகத்தின் ஏதோ ஒரு மூலையிலிருந்து ஒருவர் பார்த்துக்கொண்டே இருப்பார். பாத்ரூம் போனாலும் சாட்டில் சொல்லிவிட்டுப் போக வேண்டும். கேமரா உண்டு, மைக் கிடையாது. மதியம் பக்கத்து ஆலையில் சாம்பிள் வெடி போட்டார்கள், ஜன்னல் அதிர்ந்தது, பார்க்கிறவருக்கு ஒன்றும் கேட்கவில்லை. அம்மா காபி டம்ளரோடு கதவைத் திறந்ததும் சாட்டில் உடனே செய்தி வந்துவிட்டது: அறையில் வேறு யாரும் இருக்கக் கூடாது.

அறிக்கைக்குத் தனியாக ஒரு நாள் கொடுத்திருப்பதுதான் அந்தத் தேர்வின் சூட்சுமம் என்று நினைக்கிறேன். நுழையத் தெரிந்த பையன்கள் நிறையப் பேர் கிடைப்பார்கள். எந்த வழியாக நுழைந்தேன், எதைத் தொட்டேன், அதை எப்படி அடைப்பது என்று இன்னொருவர் படித்தவுடன் செய்து பார்க்கும்படி எழுதுகிறவர்கள் குறைவு. வாடிக்கையாளர் காசு கொடுப்பது அந்த எழுத்துக்குத்தான்.

சி.ஐ.எஸ்.எஸ்.பி. வேறு ரகம். 1994இலிருந்து இருக்கிறது, மூத்தவர்கள் வாங்குகிற சான்றிதழ். இதன் எட்டுப் பாடப்பிரிவுகளில் குறைந்தது இரண்டில் ஐந்து வருடம் சம்பளத்துக்கு வேலை பார்த்திருக்க வேண்டும். பட்டப்படிப்பு இருந்தால் ஒரு வருடம் கழிவு. தேர்வு மையத்தில் சட்டைப்பையை வெளியே இழுத்துக் காட்ட வேண்டும், மூக்குக் கண்ணாடியைக் கழற்றிக் கொடுக்க வேண்டும், உள்ளங்கை நரம்பையே ஸ்கேன் செய்வார்கள். இப்போது 100 முதல் 150 கேள்வி, 3 மணி நேரம். நம் பதிலைப் பார்த்துக்கொண்டே அடுத்த கேள்வியைக் கணினி எடுக்கும், போன கேள்விக்குத் திரும்ப முடியாது. தேறிவிட்டாலும் பட்டம் உடனே கைக்கு வராது. ஏற்கெனவே சான்றிதழ் வைத்திருக்கும் ஒருவர் நம் அனுபவம் உண்மைதான் என்று எழுதித் தர வேண்டும். அனுபவம் போதாதவர்களைத் துணை உறுப்பினராக உட்கார வைத்துவிடுவார்கள். அதற்குப் பிறகு வருடச் சந்தா 135 டாலர். மூன்று வருடத்துக்குள் 120 மணி நேரம் ஏதாவது படித்ததாகக் கணக்குக் காட்ட வேண்டும்.

தேர்வுக் கட்டணம் மட்டும் 749 டாலர் என்று சொன்னபோது அப்பா ரூபாய்க் கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "இது யாருக்குப்பா வேணும்? உனக்கா, உன் முதலாளிக்கா?" முதலாளிக்குத்தான். டெண்டரில் சி.ஐ.எஸ்.எஸ்.பி., சி.ஐ.எஸ்.ஏ., ஐ.எஸ்.ஓ. 27001 லீட் ஆடிட்டர் வைத்திருப்பவர்கள் இத்தனை பேராவது வேண்டும் என்று ஒரு நிபந்தனை இருக்கும். அந்தக் கட்டத்தை நிரப்ப நிறுவனமே பணம் கட்டி, ரெண்டு வருஷம் விலகக் கூடாது என்று பாண்டும் எழுதி வாங்கிக்கொள்ளும்.

ஆனால் இத்தனையையும் கையில் வைத்துக்கொண்டு, கேட்காமல் ஒருவருடைய சர்வரில் கை வைத்தால் குற்றம்தான். 2000ஆம் ஆண்டின் தகவல் தொழில்நுட்பச் சட்டம் பிரிவு 43ஐயும் 66ஐயும் சேர்த்துப் பார்த்தால் மூன்று வருடம் வரை சிறை, ஐந்து லட்சம் வரை அபராதம். அரசு 'பாதுகாக்கப்பட்ட அமைப்பு' என்று அறிவித்தவற்றில் நுழைந்தால் பிரிவு 70, பத்து வருடம் வரை. நல்லெண்ணத்தில் நுழைந்தேன், ஓட்டையைக் காட்டத்தான் நுழைந்தேன் என்றெல்லாம் காவல் நிலையத்தில் விளக்கிக்கொண்டிருக்க முடியாது. எங்களைக் காப்பாற்றுவது அனுமதிக் கடிதம் மட்டும்தான். எந்த முகவரிகள், எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதி வரை, இரவிலா பகலிலா, எதைச் செய்யலாம், எதைச் செய்யக் கூடாது, சர்வர் படுத்துவிட்டால் யாருக்குப் போன் செய்ய வேண்டும் என்பதெல்லாம் அதில் இருக்கும். ஆலைச் சுவரில் பெயிண்டில் எழுதியிருந்ததும் இதேதான்.

ஒரு கூட்டுறவு நிறுவனத்தின் வேலையில் கடிதத்தோடு வந்த சர்வர் முகவரி எண்களில் ஒன்று அவர்களுடையதே அல்ல. இடம் வாடகைக்கு விடுகிற வேறொரு கம்பெனியின் பொது சர்வர். அதே பெட்டிக்குள் யார் யாருடைய கடைகளோ இருந்தன. எங்கள் டீம் லீடர் அந்த எண்ணைத் தொடவே விடவில்லை. அந்தப் பக்கத்து அதிகாரிக்குக் கோபம். "நாங்கதான் லெட்டர் குடுத்திட்டோமே, அப்புறம் என்ன?" என்றார். சொந்தக்காரன் சம்மதம் வேண்டும் சார் என்று டீம் லீடர் சொன்னதையே சொன்னார். வாடகைக் கம்பெனியின் கடிதம் வரும் வரை அந்த வரிக்கு நேரே 'சோதிக்கப்படவில்லை' என்று எழுதி வைத்தோம். சி.ஐ.எஸ்.எஸ்.பி. பட்டம் இல்லாத மனிதர் அவர். நான் பார்த்ததில் மிக நல்ல தணிக்கையாளரும் அவர்தான்.

இனி ஆள் விசாரணை. வெம்பக்கோட்டைக்காரனுக்கு இதில்தான் தனிப்பட்ட அவதி.

வங்கி, அரசு வேலைகளுக்கு எங்களை அனுப்புவதற்கு முன் பின்னணி சரிபார்ப்பு நடக்கும். பட்டச் சான்றிதழ் பல்கலைக்கழகத்துக்குப் போகும். பி.எஃப். கணக்கில் பழைய கம்பெனிகளின் வரிசை தெரியும். காவல் துறைச் சான்று தனி. வளைகுடா வாடிக்கையாளர் என்றால் மதுரை பாஸ்போர்ட் அலுவலகம் மூலம் பி.சி.சி. வாங்க வேண்டும். இவை எல்லாம் காகிதத்தில் முடிந்துவிடும். முகவரிச் சரிபார்ப்புக்கு மட்டும் ஒரு ஆள் நேரில் வருவார். ஏஜென்சி அனுப்பும் பையன், தோளில் பை, கையில் போன், வீட்டைப் படம் பிடிக்க வேண்டும், அக்கம்பக்கத்தில் ரெண்டு பேரிடம் விசாரிக்க வேண்டும்.

எங்கள் தெருவில் புது ஆள் ஒருவர் போனை நீட்டி வீடுகளைப் படம் எடுத்தால் என்ன நடக்கும் என்பது சென்னை ஏஜென்சிக்குத் தெரியாது. வீட்டில் வைத்துக் கள்ளத்தனமாகப் பட்டாசு செய்கிறவர்களைப் பிடிக்க வருவாய்த் துறையும் போலீசும் அடிக்கடி சோதனைக்கு வருகிற ஊர். முதல் வீட்டில் அந்தப் பையன் என் பெயரைச் சொல்லி விசாரிக்க ஆரம்பித்ததுமே கடைசி வீடு வரை கதவு சாத்தியாகிவிட்டது. வாசலில் காய்ந்துகொண்டிருந்த வெற்றுக் குழாய்கள்கூட உள்ளே போய்விட்டன. எங்கள் வீட்டில் ஆளில்லை, அப்பா வேலைக்கும் அம்மா ரேஷன் கடைக்கும் போயிருந்தார்கள். எதிர்வீட்டு ஆத்தா மட்டும் தைரியமாக வெளியே வந்திருக்கிறார். "யாருப்பா நீ? டி.ஆர்.ஓ. ஆபீசா, ஸ்டேஷனா?" அவன் இல்லை என்றிருக்கிறான். இந்தப் பையனைப் பற்றி விசாரிக்க வந்தேன் என்றதும் ஆத்தாவுக்கு முகம் மலர்ந்துவிட்டது. பெண் வீட்டுக்காரர்கள் ஆள் அனுப்பியிருக்கிறார்கள். "தங்கமான புள்ள. குடி, சீட்டு ஒண்ணும் கெடையாது. மெட்ராஸ்ல கம்ப்யூட்டர்ல உடைச்சு உள்ள போற வேலையாம், நல்ல சம்பளம்!"

ஏஜென்சி அனுப்பிய அறிக்கையில், வீடு பூட்டியிருந்தது, அண்டை வீட்டார் ஒத்துழைக்கவில்லை, ஒருவர் மட்டும் தகவல் தந்தார் என்று இருந்தது. ஆத்தா சொன்ன வேலை விவரத்தை அவன் எழுதாமல் விட்டானே, அந்தப் புண்ணியவான் நன்றாக இருக்க வேண்டும். ரேஷன் கார்டு, வீட்டு வரி ரசீது, வாசலில் அம்மா நிற்கும் படம் என்று ஒவ்வொன்றாக அனுப்பிய பிறகுதான் முகவரிக்குப் பச்சை டிக் விழுந்தது. பொய் விலாசம் கொடுத்து ஏமாற்றுகிறவன் இந்தச் சல்லடையில் சிக்குகிறானோ என்னவோ, கதவு எண்ணே ஒழுங்காக இல்லாத ஊர்க்காரன் தவறாமல் சிக்குகிறான்.

எங்கள் பக்கத்துப் பிள்ளைகள் இணையத்தில் வேலை விளம்பரங்களைப் பார்த்துவிட்டு, "அண்ணே, கிளியரன்ஸ்னு போட்டிருக்கே, அது எங்க எழுதணும்?" என்று கேட்கிறார்கள். அது எழுதுகிற தேர்வு இல்லை. அமெரிக்க அரசின் ரகசியங்களைக் கையாளும் வேலைக்கு அந்த அரசே ஆளைத் துருவிப் பார்த்துக் கொடுக்கிற அனுமதி. கான்ஃபிடென்ஷியல், சீக்ரெட், டாப் சீக்ரெட் என்று மூன்று படி. எஸ்.எஃப். 86 என்ற நீண்ட படிவத்தில் பத்து வருடமாக எங்கெங்கே குடியிருந்தாய், வெளிநாட்டில் யாரைத் தெரியும், கடன் எவ்வளவு என்பதுவரை எழுத வேண்டும். தனி ஆளாக விண்ணப்பிக்க முடியாது, வேலை கொடுப்பவர்தான் அனுப்ப வேண்டும். பொதுவாக அமெரிக்கக் குடிமக்களுக்கு மட்டும்தான். அங்கே ஹெச்-1பி விசாவில் இருக்கும் நம் ஆட்கள் எவ்வளவு கெட்டிக்காரர்களாக இருந்தாலும் அந்த விளம்பரத்தைத் தாண்டித்தான் போக வேண்டும்.

அந்த விளம்பரங்களில் செக்யூரிட்டி பிளஸ் என்ற சான்றிதழ் அடிக்கடி வருவதற்கும் இதே மாதிரி ஒரு காரணம் உண்டு. அமெரிக்கப் பாதுகாப்புத் துறை 2005இல் 8570 என்ற விதிநூலைக் கொண்டுவந்து, இந்த வேலைக்கு இந்தச் சான்றிதழ் என்று பட்டியல் போட்டது. இப்போது 8140 என்று மாறியிருக்கிறது. அந்தப் பட்டியலில் இருப்பதால் அங்கே அதற்கு மதிப்பு. பாடம் நல்ல பாடம்தான், அடிப்படை தெரிந்துகொள்ளப் படிக்கலாம். ஆனால் சென்னையில் நான் பார்த்த டெண்டர் எதிலும் அதைக் கேட்டதில்லை. அமெரிக்க ராணுவத்தின் விதிக்கு விருதுநகர் மாவட்டத்துப் பையன் கடன் வாங்கிப் பணம் கட்ட வேண்டுமா என்பதுதான் என் கேள்வி.

நம் நாட்டில் கம்பெனி விட்டுக் கம்பெனி கையோடு கொண்டுபோகிற கிளியரன்ஸ் என்று எனக்குத் தெரிந்து தனியார் வேலையில் ஒன்றும் இல்லை. இங்கே நிறுவனத்துக்குத்தான் அங்கீகாரம். 2004இல் தொடங்கிய செர்ட்-இன் என்ற மத்திய அரசின் இணையப் பாதுகாப்பு அமைப்பு, தணிக்கை நிறுவனங்களின் பட்டியல் ஒன்றை வைத்திருக்கிறது. அதில் இடம்பிடிக்க ஆட்களின் தகுதி விவரம் கொடுப்பதோடு, செய்முறைத் தேர்வும் தேற வேண்டும். அரசு இணையதளம் ஒன்றை அரசு சர்வரில் ஏற்றுவதற்கு முன் பட்டியலில் உள்ள நிறுவனத்தின் 'சேஃப் டு ஹோஸ்ட்' சான்று வேண்டும் என்பதால், எங்களுக்கு வருகிற போன்களில் பாதி, திறப்பு விழாவுக்கு மந்திரி தேதி கொடுத்த பிறகு வருபவை. "சார், இன்னிக்குச் சாயங்காலத்துக்குள்ள அந்த லெட்டர் மட்டும் குடுத்துருங்க, ஓட்டையெல்லாம் அப்புறம் அடைச்சுக்கலாம்." கொடுக்க மாட்டோம். அடைத்த பிறகு மறுபடி சோதித்துத்தான் கையெழுத்து. சீசன் நேரத்தில் அப்பா போட்ட சண்டையை நான் ஏ.சி. அறையில் உட்கார்ந்து போடுகிறேன்.

ஆளைச் சரிபார்த்துவிட்டால் இடம் பத்திரம் என்று நினைப்பவர்களுக்கு நான் கூடங்குளம் அணுமின் நிலையத்தைச் சொல்வேன். 2019 செப்டம்பரில் அங்கே நிர்வாகப் பணிக்கான, இணையத்தோடு தொடர்புள்ள நெட்வொர்க்கில் ஒரு பயனரின் கணினியில் தீநிரல் புகுந்திருப்பதை செர்ட்-இன் கண்டுபிடித்துச் சொன்னது. முதலில் மறுப்பு வந்தது. அக்டோபர் 30 அன்று அணுமின் கழகம் உண்மைதான் என்று ஒப்புக்கொண்டது. உலையை இயக்கும் அமைப்பு தனியாக இருந்ததால் அதற்குப் பாதிப்பில்லை என்றும் சொன்னது. மத்திய அரசுப் பணியில் சேருகிறவரின் நடத்தையை ஊர்க் காவல் நிலையம் வரை விசாரித்துத்தான் எடுக்கிறார்கள். அந்த விசாரணை அவருடைய கணினிக்குள் எட்டிப் பார்க்காது.

அப்பா ஓய்வு பெற்ற பிறகு ஒருநாள் கேட்டார். "நீ கையெழுத்துப் போட்ட எடத்துல திருடன் நொழைஞ்சுட்டா உன்னையப் பிடிச்சுட்டுப் போவாங்களா?" மாட்டார்கள் என்றேன். 2022 ஏப்ரலில் வந்த உத்தரவுப்படி ஆறு மணி நேரத்துக்குள் அந்த நிறுவனம் செர்ட்-இன்னுக்குத் தகவல் சொல்ல வேண்டும். எங்கள் அறிக்கையை எடுத்துப் பார்ப்பார்கள். மோசமாகச் செய்திருந்தால் எங்கள் கம்பெனியைப் பட்டியலிலிருந்து எடுக்கலாம். நான் என் சான்றிதழ்களோடு வேறு கம்பெனிக்குப் போய்விடுவேன். அப்பா கொஞ்ச நேரம் பேசவில்லை. "எங்களுக்கு வெடிச்ச பெறகுதான் அந்தப் பேப்பரைத் தேடுவாங்க. உங்களுக்கு உள்ள போறதுக்கு முன்னாடி மட்டும் தேடுறாங்க" என்றார்.

இதைக் கேட்டு அவர் தொழில்தான் நியாயமானது என்று நான் சொல்ல மாட்டேன். உரிமம் ஒருவர் பெயரில் இருக்கும், அறைகளை உள்குத்தகைக்கு எடுத்தவர்கள் வேறு பலர், தீபாவளி நெருங்க நெருங்க மருந்து எவ்வளவு வர வேண்டும் என்பதை முடிவு செய்கிறவர் இன்னொருவர். கைது என்று வரும்போது கைக்கு எட்டுகிற ஆள் போர்மேன். பொறுப்பு முழுவதும் ஒரு சம்பளக்காரனின் சான்றிதழில் வந்து விழுகிறது, அந்தப் பொறுப்புக்கு ஈடான அதிகாரம் அவனிடம் இல்லை. எங்கள் தொழிலில் அது நேர் தலைகீழ்: பட்டங்கள் நிறைய, எவர் பெயரிலும் பொறுப்பு ஒட்டுவதில்லை. டெண்டர் எழுதுகிறவர்கள் இத்தனை சி.ஐ.எஸ்.எஸ்.பி. வேண்டும் என்று கேட்பதற்குப் பதிலாக, சோதித்தவரின் பழைய அறிக்கை ஒன்றைப் பெயர்களை மறைத்துக் காட்டச் சொன்னால் பாதி நாடகம் குறையும் என்பது என் அபிப்பிராயம்.

போன பொங்கலுக்கு ஊருக்குப் போயிருந்தபோது ஏழாயிரம்பண்ணைப் பக்கத்திலிருந்து ஒரு மாணவி தன் அண்ணனோடு வந்திருந்தாள். கல்லூரியில் கடைசி வருடம். எந்தக் கோர்சுக்கும் இப்போது பணம் கட்டாதே என்றேன். லினக்ஸ், நெட்வொர்க்கிங் ரெண்டையும் தமிழக அரசின் 'நான் முதல்வன்' திட்டத்திலும் இணையத்திலும் இலவசமாகக் கிடைப்பதை வைத்தே ஒரு வருடம் படி. பயிற்சிக்கென்றே விட்டிருக்கும் தளங்களில் மட்டும் கை வை, கல்லூரி இணையதளத்தில் வைக்காதே. செய்வதை எல்லாம் அறிக்கையாக எழுதிப் பழகு. வேலை கிடைத்த பிறகு கம்பெனி காசில் சி.இ.ஹெச்., உன் காசில் எழுதுவதாக இருந்தால் ஓ.எஸ்.சி.பி. அவள் நோட்டில் எழுதிக்கொண்டாள்.

பிறகு அண்ணனை ஒரு தடவை பார்த்துவிட்டுக் கேட்டாள்: "சார், விசாரிக்க வீட்டுக்கு ஆள் வருவாங்கன்னு சொல்றாங்க. எங்க அம்மா வீட்ல வச்சு குழாய் உருட்டுறாங்க. அதனால எதுவும் ஆகுமா?"

வெறும் காகிதக் குழாயா, மருந்து ஏதும் வருமா என்று கேட்டேன். வெறும் குழாய்தான் என்றான் அண்ணன். அப்படியானால் ஒன்றும் ஆகாது, ஒளித்து வைக்கவும் வேண்டாம் என்றேன். கதவு எண்ணை வாசலில் பெரிதாக எழுதச் சொன்னேன். விண்ணப்பத்தில் விலாசத்தோடு பக்கத்துக் கோயில் பெயரையும் சேர்த்து எழுது, அண்ணன் போன் நம்பரையும் கொடு. ஆள் வருகிற வாரத்தில் அம்மாவை வீட்டில் இருக்கச் சொல். எதிர்வீட்டில் முன்கூட்டியே சொல்லி வை, வருவது ரெய்டு இல்லை, மாப்பிள்ளை வீடும் இல்லை என்று.